தாலாட்டில் ஷூ வரக்கூடாதா?

போன மாதம் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நாட்டுப்புறப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், கீபோர்டு சொல்லித்தரும் இளைஞர் ஒருவர், மூன்றாவதாக நான். எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். கணியம்பாடியில் காலை நேரத்தில் சும்மா இருக்கிற, வெள்ளை வேட்டி கட்டுகிற கிழவர்களுக்கு இந்த மாதிரி அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் தட்டு, வடை, காபி. நானும் மறுப்பதில்லை.

பள்ளியின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதப் போவதில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஆனால் அன்று அங்கே நடந்தது தப்பு, அதில் நானும் கூட்டு. அதனால் இந்தச் சண்டையை என்னையும் சேர்த்தே போடுகிறேன்.

ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று மேடைக்கு வந்தது. பிள்ளைகள் பூர்த்தி செய்த படிவம் எங்கள் கையில் இருந்தது. பாடல், படம் அல்லது ஆல்பம், இசையமைப்பாளர், கரோக்கி உண்டா இல்லையா என்று வரிசையாகக் கட்டங்கள். இசையமைப்பாளர் கட்டத்தில் அந்தப் பெண் "எங்க ஆயா" என்று எழுதியிருந்தது. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் ஆயா என்றால் பாட்டி.

அது பாடியது தாலாட்டு. அம்மா விடியற்காலையில் ஷூ கம்பெனி வண்டியில் போய் இருட்டிய பிறகு வருகிறவள். இந்தப் பெண்ணையும் கைக்குழந்தைத் தம்பியையும் வளர்ப்பது ஆயாதான். தம்பியை ஏணையில் போட்டு ஆட்டும்போது ஆயா பாடுவதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தைக்குப் பாடமாகியிருக்கிறது. தாலாட்டு என்றால் மாமன் வரவேண்டும், சீர் கொண்டுவர வேண்டும். வெள்ளி, பொன், பவளம் என்று கொண்டுவருவான். இந்தத் தாலாட்டில் வந்த மாமன் ஆம்பூரில் தைத்த சின்ன ஷூ ஒரு ஜோடி கொண்டுவந்தான்.

கீபோர்டு தம்பி சிரித்துவிட்டார். தமிழாசிரியர் சிரிக்கவில்லை. தாளில் "பிழையான பாடம்" என்று எழுதினார். "நாட்டுப்புறப் பாட்டில் ஷூ எப்படி சார் வரும்?" என்று என் காதில் கேட்டார். "எங்க ஆயா" என்று எழுதியிருந்த இடத்தைச் சிவப்பு மையால் அடித்தார். கரோக்கி இல்லை, தாளம் நிற்கவில்லை என்று கீபோர்டு தம்பி 10-க்கு 3 போட்டார். முதல் பரிசு, பழைய சினிமாத் தாலாட்டு ஒன்றைக் கரோக்கியோடு பாடிய பையனுக்கு. நல்ல குரல், அவன்மேல் குறை இல்லை. இசைத்தட்டில் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான், அவ்வளவு துல்லியம்.

நான் என்ன செய்தேன்? இரண்டு பேர் ஒரு பக்கம். மணி பன்னிரண்டரை. எனக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் மேசையில் உட்கார்ந்தவனுக்குக் கை தானாகப் போய்விடும்.

நாலு நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே சார் அன்னிக்கு மார்க் போட வந்தது? நான் பொண்ணுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனா? எங்கம்மா பாடினதைத்தான் சார் நான் பாடறேன். ஷூ ஒண்டிதான் நான் போட்டது. எம்பையன் கம்பெனியில கட்டிங்ல கீறான்."

"தப்பில்லம்மா" என்றேன்.

"அப்போ ஏன் சார் என்னை அடிச்சாங்க?"

படிவத்தில் அடித்ததைச் சொல்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. "இப்போ பொண்ணு இன்னா சொல்லுது தெரியுமா? ஆயா, நீ பாடாதே, நான் போன்ல சரியான பாட்டைப் போடறேன்னுது. இந்தப் பையன் போன் பாட்டுக்குத் தூங்கமாட்டேன்றான் சார்."

சரியான பாட்டு. இந்த இரண்டு வார்த்தைதான் என் எதிரி.

நான் பாண்டிச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே படிக்கிற எல்லோருக்கும் தெரியும். சான்றிதழ் நகலை அசலோடு ஒப்பிட்டு மூலையில் இனிஷியல் போடுவது என் வேலை. பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அதிகாரியின் வேலை. ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டிருக்கிறேன். ஒரு எழுத்து மாறியிருந்தால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: ஒப்பிடுவதற்கு முதலில் அசல் கையில் இருக்கவேண்டும். அந்த ஆயாவின் தாலாட்டை நகல் என்று சொன்ன தமிழாசிரியர் எந்த அசலைப் பார்த்தார்? அவர் மனதில் ஓடியது அந்தச் சினிமாப் பாட்டு. அதுவே எங்கேயோ ஒரு ஆயாவிடமிருந்து வந்ததுதான்.

இதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பரில் பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சு மீடியம் நின்றுவிடவில்லை, என்னைப் போன்றவர்கள் அதில்தான் வளர்ந்தோம். சின்ன வகுப்பில் எங்கள் மதாம் சொல்லிக்கொடுத்த முதல் பாட்டு "ஆ! வு திரே-ஜ், மமான்". அம்மா, உன்னிடம் சொல்லட்டுமா என்று அர்த்தம். அப்பா என்னைப் பெரிய மனிதன் மாதிரி யோசிக்கச் சொல்கிறார், எனக்கு யோசனையைவிட மிட்டாய்தான் உசத்தி என்று குழந்தை அம்மாவிடம் முறையிடுகிற பாட்டு. கையில் மிட்டாய் இல்லாமலே மிட்டாயைப் பற்றி ஒரு வருஷம் பாடினோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் பேத்தி லீவுக்கு வந்திருந்தபோது அவளைத் தூங்கவைக்க அதைப் பாடினேன். ஒரு வரி முடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, நீ தப்பாப் பாடற. அது ட்விங்கிள் ட்விங்கிள்!" என்றாள். நான் சிரித்தேன். ரேஷன் கடையில் அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

ஸ ஸ ப ப த த ப, ம ம க க ரி ரி ஸ. வீட்டில் யாராவது பாட்டு கற்றவர் இருந்தால் பாடச் சொல்லிப் பாருங்கள், மெட்டு பிடிபட்டுவிடும். இது 1761-ல் பாரிஸில் சொற்கள் இல்லாமல் வெறும் மெட்டாக அச்சானது. பிறகு சொல் ஏறியது. முதலில் ஏறிய சொற்களில் மிட்டாய் கிடையாது. ஒரு இளம்பெண், தான் ஒருவனைப் பார்த்ததிலிருந்து மனம் படும் பாட்டை அம்மாவிடம் சொல்கிறாள். காதல் பாட்டு. அது குழந்தைகள் கைக்கு வந்தபோது காதலன் போய் மிட்டாய் வந்தது. எங்கள் பள்ளியில் யாரும் எங்கள் மதாமின் தாளில் "பிழையான பாடம்" என்று எழுதவில்லை.

1780-களின் தொடக்கத்தில் மோட்சார்ட் வியன்னாவில் இதே மெட்டை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி எழுதினார். பன்னிரண்டு! கேட்டிருக்கிறேன். ஓரிடத்தில் மெட்டு ஓடும், ஓரிடத்தில் அழும், ஓரிடத்தில் இடது கை பாட வலது கை சும்மா துள்ளும். 1806-ல் ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண்மணி நட்சத்திரத்தைப் பற்றி ஒரு கவிதை அச்சிட்டார். அது பின்னால் இதே மெட்டில் போய் உட்கார்ந்ததுதான் பேத்தியின் "சரியான பாட்டு". ஏ பி சி டி பாட்டும் இதே மெட்டுதான், கவனித்தீர்களா?

இனி நம் ஊருக்கு வருகிறேன். முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் தங்கியிருந்தார். ஜார்ஜ் கோட்டை பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு வாசிப்பதைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குப் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டு ஸ்வர சாகித்யம் என்று பெயர், ஏறக்குறைய நாற்பது உண்டு. அவற்றில் "சியாமளே மீனாட்சி" என்று ஒன்று. அதன் மெட்டு எது? நான் பாண்டிச்சேரியில் மிட்டாய்க்குப் பாடிய அதே ஸ ஸ ப ப. இங்கிலாந்து அரசரை வாழ்த்துகிற பாட்டின் மெட்டையும் எடுத்து அம்பாள்மேல் திருப்பிவிட்டார் அவர். இன்றைக்கும் பாட்டு வகுப்புகளில் குழந்தைகளுக்கு இந்த நோட்டு ஸ்வரங்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

என் தமிழாசிரியர் நண்பர் தீட்சிதர் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நானும் அப்படித்தான். ஆனால் கேட்கிறேன். பிரெஞ்சுக்காரியின் காதலன் இருந்த இடத்தில் மதுரை மீனாட்சியை வைத்தால் அது சாகித்யம். பவளம் இருந்த இடத்தில் ஷூவை வைத்தால் மட்டும் பிழையா? தீட்சிதர் பெரியவர், இந்த அம்மா ரேஷன் வரிசையில் நிற்பவர் என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று எனக்கு யாராவது சொல்லட்டும். இரண்டு பேருமே காதில் விழுந்ததை எடுத்துத் தங்களுக்கு வேண்டியவர்களுக்காக மாற்றிக்கொண்டார்கள்.

பிரெஞ்சுக் கதையில் கடைசியாக ஒன்று. சேன்-சாம்ஸ் என்ற இசைமேதை 1886-ல் மிருகங்களின் ஊர்வலம் மாதிரி ஒரு வேடிக்கை இசை எழுதினார். சிங்கம், ஆமை, யானை என்று வரும். அதில் ஒரு பகுதிக்குப் பெயர் "புதைபடிவங்கள்". கல்லாய்ப்போன எலும்புகள். அங்கே சைலபோனில் எலும்பு உரசுகிற மாதிரி ஒலிக்கவிட்டு, நடுவில் இந்த மெட்டையும் நுழைத்தார். அவர் கேலிக்குச் செய்தது. எனக்கு அது அன்றைய முதல் பரிசை நினைவுபடுத்துகிறது.

தாளம் நிற்கவில்லை என்றார் கீபோர்டு தம்பி. தம்பி, அந்தப் பாட்டுக்குத் தாளம் ஏணைக் கயிறு. ஆட்டுகிறவள் கை அசந்தால் பாட்டு மெதுவாகும். பிள்ளை சிணுங்கினால் இழுப்பு நீளும். கண் செருகிவிட்டால் சொல்லெல்லாம் உதிர்ந்து வெறும் முனகல்தான் மிஞ்சும். உங்கள் கரோக்கி பிள்ளை தூங்கினாலும் நிற்காது, அழுதாலும் நிற்காது. சினிமாவில் தாலாட்டுப் பாடுகிற அம்மா, கொட்டகையில் டிக்கெட் வாங்கி விழித்திருக்கிறவர்களுக்காகப் பாடுகிறாள். அதனால் அங்கே வயலின் வேண்டும், புல்லாங்குழல் வேண்டும், இரண்டாவது சரணம் வேண்டும். அதுவும் நல்ல பாட்டுதான், நானே அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவன். ஆனால் ஏணைக்குப் பக்கத்தில் அதை அளவுகோலாகக் கொண்டுபோய் வைக்கக்கூடாது.

தமிழாசிரியருக்குப் புத்தகத்தில் ஆதாரம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. பெர்சி மக்வீன் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி, வெள்ளைக்காரர், நம் கிராமத்துப் பாட்டுகளைத் திரட்டிவைத்தார். கி.வா.ஜகந்நாதன் அதைப் பதிப்பித்து 1958-ல் தஞ்சை சரஸ்வதி மகால் "மலையருவி" என்று வெளியிட்டது. அடுத்து நா.வானமாமலையின் "தமிழர் நாட்டுப் பாடல்கள்". அதைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் யார், எந்த இடம் என்று போட்டிருப்பார்கள். பேச்சில் திரிந்த சொற்களுக்குத் தனியாகக் குறிப்பு எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்புக்கு வானமாமலை வைத்த தலைப்பு என்ன? பிழை திருத்தமா? இல்லை. "வட்டார வழக்கு". கல்லூரியில் படித்த பேராசிரியர் வழக்கு என்று மதித்து எழுதியதை, நாம் மூன்று பேர் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து சிவப்பு மையால் அடித்தோம்.

இப்போது என் நடைப்பயிற்சி நண்பர்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். தினமும் காலையில் நாகநதிப் பாலம் வரை நடந்து திரும்புவதற்குள் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கிராமியப் பாட்டை ரீமிக்ஸ் பண்ணிக் கெடுத்துவிட்டார்கள், அசல் மாதிரி வருமா" என்று ஒரு தடவையாவது பேச்சு வந்துவிடும். போன வாரம் நின்று கேட்டேன், எது அசல் என்று. "அன்னக்கிளி காலத்துப் பாட்டு" என்றார் ஒருவர். அன்னக்கிளி வந்தது 1976. அப்போது நமக்கெல்லாம் இருபத்தைந்து, முப்பது வயது. படத்துக்கு இசை போட்டவரும் கிராமத்தில் கேட்டு வளர்ந்ததைத் தன் கையால் மாற்றித்தான் போட்டார், அது அவர் மேதைமை. நாற்று நட்டவர்கள் பாடியதை அருகில் நின்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நாம் அசல் என்று சொல்வது நம் வாலிப வயதில் ரேடியோவில் வந்ததை.

அரக்கோணத்துப் பிள்ளை அறிவு எழுதிப் பாடிய "என்ஜாய் எஞ்சாமி" 2021 மார்ச்சில் வந்தபோதும் இதே நண்பர்கள்தான் ஒப்பாரியைக் கூத்தடித்துவிட்டான் என்றார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அவர் அதில் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறி, யாருடைய பாட்டு, யார் பெயர் முதலில் என்று பெரிய விவகாரமானது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அதிலிருந்து ஒன்று எனக்கு உறைத்தது. பெரிய பாட்டு என்றால் பெயருக்காக உலகமே பேசுகிறது. ஆறாம் வகுப்புப் பெண் "எங்க ஆயா" என்று சரியாகப் பெயர் எழுதிக்கொடுத்தால் அதை அடித்துவிட்டு "நாட்டுப்புறம்" என்று எழுதுகிறோம். நாட்டுப்புறம் என்று ஒரு ஆள் பாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லா மாற்றமும் நல்லது என்று சொல்லவரவில்லை. திருவிழாவில் லாரி உயரத்துக்குப் பெட்டி அடுக்கி, இரண்டே சொல்லைப் பத்து நிமிஷம் அதிரவிடுகிறார்களே, அதைக் கேட்டால் எனக்கும் நெஞ்சு படபடக்கிறது. இந்த வயதில் அது இசையா இதயக் கோளாறா என்று சந்தேகம் வேறு. அது எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அசல் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாட்டுப்புறப் பாட்டுப் போட்டிக்குக் கரோக்கி கேட்கக்கூடாது, இசையமைப்பாளர் கட்டத்தை எடுத்துவிட்டு யாரிடம் கற்றது என்று ஒரு கட்டம் போடவேண்டும், அன்று அந்தப் பெண்ணின் தாளில் அடித்தது தவறு, அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது என்று எழுதினேன். பதில் வந்தது. "தங்கள் கடிதம் கிடைத்தது. ஆவன செய்யப்படும்." இந்த வாக்கியத்தை நானே எத்தனை கோப்பில் எழுதியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு நானே போனேன். பேத்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மார்க் போட வந்த கிழவர் நோட்டோடு ஆயா எதிரில் தரையில் உட்கார்ந்திருப்பதை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பையனை ஏணையில் போட்டு ஆயா பாடினார். வானமாமலை புத்தகத்தில் உள்ள மாதிரி பாடியவர், இடம் எல்லாம் மேலே எழுதிவிட்டு வரிகளைப் பிடிக்கப் பார்த்தேன். பாதி விட்டுப்போயிற்று. இன்னொரு தடவை பாடச் சொன்னேன். இரண்டாம் தடவை நாலு இடத்தில் மாறிவிட்டது. ஷூவுக்குப் பிறகு மாமன் ஒரு குடையும் கொண்டுவந்தான். வெளியே அப்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"இதுல எதைம்மா எழுதிக்கட்டும்?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் எழுதிக்கோங்க சார்" என்றார். "சத்தமாப் பேசாதீங்க, இப்பத்தான் கண்ணை மூடினான்."